பெட்ரோல் குறைவை அறிவிக்கும் விளக்கு

மோட்டார் சைக்கிளின் முகப்பில், வேகமானிக்கு அருகே, பெட்ரோல் பம்பின் உருவம் பொறித்த சிறு மஞ்சள் விளக்கு ஒன்று அமைந்திருப்பதைக் காணலாம். தொட்டியில் பெட்ரோல் தீரும் நிலையை நெருங்கும்போது அது எரியத் தொடங்கும். மற்ற வேளைகளில் அதனை எவரும் நினைப்பதில்லை. அதனுள் இருக்கும் பல்பு பழுதாகும்போதோ, பகல் வெயிலில் அதன் வெளிச்சம் கண்ணுக்குத் தென்படாதபோதோதான், அதற்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் எழுகின்றது.

பெங்களூரில் இதற்கு வேண்டிய பொருள்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மோட்டார் உதிரி உறுப்புகளுக்கு ஜெயசாமராஜேந்திர சாலையும், மின்னணுச் சாதனங்களுக்கு சதர் பத்ரப்பா சாலையும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை. மக்கள் வழக்கில் ஜே.சி. ரோடு, எஸ்.பி. ரோடு என்று வழங்கும் இவ்விரண்டும் நகரமன்றத்தின் சுற்றுப்புறத்திலேயே உள்ளன. அங்கே சில ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி.யைப் பழைய பல்பு இருந்த இடத்தில் பொருத்திச் சாவியைத் திருப்பினால், விளக்கு உடனே எரிகின்றது. தொட்டி நிறையப் பெட்ரோல் இருக்கும்போதும் எரிகின்றது. தொட்டி வறண்டாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் எரிகின்றது. வாங்கிய பொருள் சரியில்லை என்று கருதி வேறொன்றை மாற்றிப் பொருத்தினாலும் பயன் அதுவே.

இக்குறை எல்லா வண்டிகளிலும் தோன்றுவதன்று. தொட்டிக்குள் ‘தெர்மிஸ்டர்’ என்னும் உறுப்பைக் கொண்டு பெட்ரோலின் அளவை உணரும் வண்டிகளிலேயே தோன்றுகின்றது. அவற்றில் முகப்பு விளக்கு செய்தியைச் சொல்லும் வாய் மட்டுமன்று. செய்தியை அறியும் கருவியின் பாதியும் அதுவே. பல்பை அகற்றுபவர் தம்மையறியாமலே அந்தக் கருவியின் பாதியையும் அகற்றிவிடுகின்றார்.

குழாயிலிருந்து விளக்குக்கு

இந்த விளக்கு இப்போது ஏன் முக்கியத்துவம் பெற்றுள்ளது என்பதை அறிய, அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டைப் பார்த்தல் வேண்டும். சென்னையில் 1955-ஆம் ஆண்டு முதல் உருவான என்ஃபீல்ட் வண்டிகளிலும், மைசூரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து உற்பத்தியான ஜாவா வண்டிகளிலும், பின்னர் வந்த எண்ணற்ற வண்டிகளிலும், பெட்ரோல் தொட்டியின் அடியில் ஒரு திருகுகுழாய் இருந்தது. அதற்குள் உயரத்தில் வேறுபட்ட இரண்டு குழல்கள் உண்டு. சாதாரண நிலையில் உயரமான குழலின் வழியாகப் பெட்ரோல் இறங்கும். பெட்ரோலின் மட்டம் அக்குழலின் வாய்க்குக் கீழே சென்றதும் எஞ்சின் திணறும். ஓட்டுபவர் குனிந்து குழாயைத் திருப்பினால், குட்டையான குழல் திறந்து எஞ்சியுள்ள பெட்ரோல் கிடைக்கும். ‘ரிசர்வ் விழுந்துவிட்டது’ என்று நம் மக்கள் சொல்லும் சொல் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்ததே.

மின்சாரமும் வேண்டாத, பழுதாவதற்கு ஏதுமற்ற எச்சரிக்கை அது. அதிலும் ஒரு குறை இருந்தது. பெட்ரோல் நிரப்பியபின் குழாயைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவருக்கு அடுத்த முறை எச்சரிக்கையே கிடைக்காது. கடைசித் துளி வரை ஓடி வண்டி நின்றுவிடும். அவ்வாறு நின்ற வண்டியைத் தள்ளிச் சென்ற அனுபவம் அந்நாளில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பலருக்கும் உண்டு.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளை ஒட்டி, பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் நீங்கி, பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது. இம்முறையில் பெட்ரோல் தன் எடையால் இறங்குவதில்லை. தொட்டிக்குள்ளேயே இருக்கும் மின்பம்பு ஒன்று அதனை அழுத்தி அனுப்புகின்றது. ஆதலின் திருகுகுழாய்க்கும் ரிசர்வுக்கும் அங்கே இடமில்லை. மேலும், அந்தப் பம்பு பெட்ரோலில் மூழ்கியிருப்பதாலேயே குளிர்ச்சியும் மசகும் பெறுகின்றது. தொட்டியைத் திரும்பத் திரும்ப வறளவிட்டு ஓட்டினால் பம்பு தேய்ந்து கெடும். அதனை மாற்றும் செலவு ஒரு பல்பின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

பெங்களூரில் பதிவான வாகனங்களின் தொகை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. அவற்றுள் பெரும்பகுதி இருசக்கர வண்டிகளே. ஓசூர் சாலையிலோ ஹெப்பாள் மேம்பாலத்திலோ நெரிசல் மிகுந்த வேளையில் ஒரு வண்டி நின்றுவிட்டால், அதனை ஓரங்கட்டுவதும் எளிதன்று. நகரை விட்டு மாகடி, கனகபுரம், ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களுக்குச் செல்லும் களப்பணியாளருக்கோ வேறுவிதமான தொல்லை. அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்று தெரியாத இடத்தில், அந்த மஞ்சள் விளக்கின் சொல்லை நம்பியே அவர் மேலே செல்வதா திரும்புவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு எதிர்க் குணங்கள்

உலோகக் கம்பி ஒன்றைச் சூடாக்கினால், மின்சாரத்துக்கு அது காட்டும் தடை மிகும். பள்ளி மாணவரும் அறிந்த செய்தி இது. இதற்கு நேர்மாறான குணமுள்ள பொருள்களும் உள்ளன. வெள்ளி சல்பைடு என்னும் பொருளைச் சூடாக்கியபோது அதன் மின்தடை குறைவதை மைக்கேல் ஃபாரடே 1833-ஆம் ஆண்டு கண்டறிந்தார். அதனை உடனே பயன்படுத்திக்கொள்ளும் தொழில் எதுவும் அன்று இல்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அக்குணம் தொழிலுக்குப் பயன்பட்டது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து, பானை சுடுவதுபோல் சூளையில் சுட்டெடுக்கும் சிறு வில்லைகளே இன்றைய தெர்மிஸ்டர்கள். சாதாரண வெப்பநிலையில் 1,000 ஓம் தடையுள்ள ஒரு வில்லை, கொதிநீரின் சூட்டை எட்டும்போது ஏறக்குறைய 100 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

இவ்வில்லையைப் பெட்ரோல் தொட்டியின் அடிப்பகுதியில், எந்த மட்டத்தில் எச்சரிக்கை வேண்டுமோ அந்த மட்டத்தில் பொருத்துகின்றனர். பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முகப்பு பல்பின் வழியாகவும், பின்னர் இவ்வில்லையின் வழியாகவும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றது. உதாரணமாக, வில்லையின் தடை 1,000 ஓம், பல்பு 12 வோல்ட் 3 வாட் எனக் கொள்வோம். பல்பு குளிர்ந்திருக்கும்போது அதன் தடை சுமார் 5 ஓம் மட்டுமே. எனவே சுற்றில் ஓடுவது ஏறக்குறைய 12 மில்லியாம்பியர். அந்த பல்பு முழு ஒளியுடன் எரிய 250 மில்லியாம்பியர் வேண்டும்; 12 மில்லியாம்பியர் அதன் இழையைச் சிவக்க வைக்கவும் போதாது. ஆகவே விளக்கு அணைந்தே இருக்கும்.

இந்தச் சிறு மின்னோட்டம் வீணாவதில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அது வில்லைக்குள் சுமார் 0.14 வாட் வெப்பத்தை உண்டாக்குகின்றது. வில்லை பெட்ரோலில் மூழ்கியிருக்கும் வரை, அந்த வெப்பத்தைச் சூழ்ந்துள்ள திரவம் உடனுக்குடன் கொண்டு சென்றுவிடும். வில்லை சில டிகிரிக்கு மேல் சூடேறாது. பெட்ரோல் இறங்கி வில்லை ஆவியின் நடுவே வெளிப்பட்டதும் நிலைமை மாறுகின்றது. திரவத்தைப் போல் ஆவியால் வெப்பத்தைக் கொண்டு செல்ல இயலாது. வில்லை சூடேறும், சூடேறியதால் தடை குறையும், தடை குறைந்ததால் மின்னோட்டம் மிகும், மின்னோட்டம் மிகுந்ததால் இன்னும் சூடேறும். இவ்வாறு ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு வில்லையின் தடை விரைவாகச் சரிந்து, பல்புக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்து, விளக்கு எரிகின்றது.

இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் இடுவது யார்? பல்பின் இழையே. சூடேறும்போது அதன் தடை ஏறக்குறைய பத்து மடங்காகி 48 ஓம் அளவை எட்டுவதால், மின்னோட்டம் எல்லை மீறாமல் நின்றுவிடுகின்றது. சூட்டினால் தடை குறையும் பொருளையும், சூட்டினால் தடை மிகும் பொருளையும் ஒரே வரிசையில் கோத்து, ஒன்றின் குணத்தால் மற்றதை ஆளும் இவ்வமைப்பு, அசையும் உறுப்பு ஒன்றுமின்றி வேலை செய்கின்றது.

வில்லை சூடேறுவதற்குச் சில விநாடிகள் முதல் ஓரிரு நிமிடம் வரை ஆகும். இத்தாமதம் குறையன்று. சாலைக் குழிகளில் வண்டி குலுங்கும்போது பெட்ரோல் அலைபாய்ந்து, வில்லை நொடிக்கொரு முறை வெளிப்பட்டு மறையும். தாமதம் இல்லையெனில் விளக்கு ஓயாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நந்தி மலையைப் போன்ற நீண்ட ஏற்றத்தில் நிலை வேறு. வண்டி வெகுநேரம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் பெட்ரோல் தொட்டியின் பின்புறம் சேரும். வில்லை முன்புறம் இருந்தால், போதிய பெட்ரோல் இருக்கும்போதே விளக்கு எரியும்; இறக்கத்தில் தானே அணைந்துவிடும்.

எல்.இ.டி. வந்ததும் நேர்வது

எல்.இ.டி.யின் சிறப்பு, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஒளிர்வது. அதில் இழை இல்லை. ஆகவே ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்ச்சியில் அறுந்துபோவதற்கும் ஒன்றுமில்லை. இந்த நற்குணமே இங்குத் தீங்காகின்றது. 560 ஓம் தடையுடன் சேர்த்த ஒரு மஞ்சள் எல்.இ.டி.யைப் பல்பின் இடத்தில் வைத்ததாகக் கொள்வோம். எல்.இ.டி. தனக்கென 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதியுள்ள 10 வோல்ட், 1,560 ஓம் தடையின் ஊடே 6 மில்லியாம்பியருக்குச் சற்று மேற்பட்ட மின்னோட்டத்தைச் செலுத்தும். பல்புக்கு 12 மில்லியாம்பியர் ஒரு பொருட்டன்று, எல்.இ.டி.க்கோ அதில் பாதியே கண்ணில் படுமளவு ஒளிரப் போதுமானது. தொட்டி நிறைந்திருக்கும்போதும் விளக்கு எரிவதன் காரணம் இதுவே.

இதனினும் முக்கியமான கேடு ஒன்று உண்டு. வில்லைக்குள் உண்டாகும் வெப்பம் 0.14 வாட்டிலிருந்து சுமார் 0.04 வாட்டாகக் குறைந்துவிடுகின்றது. பெட்ரோல் இறங்கி வில்லை வெளிப்பட்டாலும், அந்தச் சிறு வெப்பம் மேற்சொன்ன சரிவைத் தொடங்கி வைக்கப் போதாது. ஆகவே விளக்கின் ஒளி மாறுவதில்லை. ஒளியைக் குறைக்கும் பொருட்டு எல்.இ.டி.யுடன் கூடுதல் தடையைத் தொடராகச் சேர்ப்பவர்கள் உள்ளனர். அது நோயை மிகுவிக்கும் மருந்தாகும். விளக்கு மங்கும், வில்லையோ இன்னும் குளிர்ந்து போகும்.

எப்போதும் எரியும் எச்சரிக்கை விளக்கைக் கண் இரண்டே நாளில் புறக்கணிக்கப் பழகிவிடும். பழைய பல்பு எரியாதிருந்தபோதாவது, விளக்கு வேலை செய்யவில்லை என்பதை உடையவர் அறிந்திருந்தார். பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

செய்ய வேண்டிய மாற்றம்

பரிகாரம் எளியது. நீக்கிய பல்பு செய்துவந்த இரண்டாவது வேலையை, அதாவது வில்லைக்கு வேண்டிய மின்சாரத்தைக் கடத்தும் வேலையை, ஒரு தடையிடம் ஒப்படைக்க வேண்டும். எல்.இ.டி.க்கும் அதனோடு சேர்ந்த 560 ஓம் தடைக்கும் இணையாக, ஒரே இரு முனைகளுக்கிடையே, கம்பி சுற்றிய தடை ஒன்றைச் சேர்த்தால் போதும்.

அதன் அளவைக் கணக்கிடுவது எவ்வாறு? பல்பின் வோல்ட்டைத் தன்னால் பெருக்கி, அதன் வாட்டால் வகுக்க வேண்டும். 12 வோல்ட் 3 வாட் பல்புக்கு 144-ஐ 3-ஆல் வகுத்தால் 48 ஓம். கடையில் கிடைக்கும் 47 ஓம் பொருந்தும். 1.7 வாட் பல்பானால் 82 ஓம் பொருந்தும். எந்த பல்பு இருந்தது என்பதை அதன் அடிப்பாகத்தில் பொறித்துள்ள எழுத்தைக் கொண்டு அறியலாம். ஆகவே பழைய பல்பை எறிந்துவிடாமல் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்வது நலம்.

47 ஓம் தடை சேர்ந்தபின் சுற்று எவ்வாறு நடக்கின்றது என்று பார்ப்போம். பெட்ரோலில் மூழ்கிய வில்லை 1,000 ஓம் காட்டும்போது, 47 ஓம் தடையின் இரு முனைகளுக்கிடையே கிடைப்பது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். எல்.இ.டி. ஒளிரக் குறைந்தது 2 வோல்ட் அளவு வேண்டுமாதலால் அது முற்றிலும் இருண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி 14 வோல்ட்டை எட்டினாலும், கோடையில் பெட்ரோல் சூடாகி வில்லை 600 ஓம் வரை இறங்கினாலும், கிடைப்பது 1 வோல்ட் அளவே. வில்லையின் வழியே முன்போலவே 11 மில்லியாம்பியருக்கு மேல் ஓடுவதால், பெட்ரோல் இறங்கியதும் அது சூடேறும். அதன் தடை 25 ஓம் அளவுக்குச் சரியும்போது எல்.இ.டி.யின் பக்கம் சுமார் 8 வோல்ட் கிடைத்து, அது முழு ஒளியுடன் எரியும். பல்பைப் போன்று மெல்லச் சிவந்து வளராமல், சற்று விரைவாகவே தோன்றும்.

தடையின் வாட் அளவில் சிக்கனம் கூடாது. வில்லையின் தடை முற்றிலும் விழுந்துவிட்டதாகக் கொண்டால், 14 வோல்ட்டில் 47 ஓம் தடை 4 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியிடும். ஆகவே 5 வாட் அளவுள்ள, பீங்கான் கூட்டில் அடைத்த தடையை வாங்க வேண்டும்; விளக்குக் கூட்டின் பிளாஸ்டிக்கோடு ஒட்டாமல், கம்பிகளின் உறையில் படாமல், காற்றுப்படும் உலோகப் பகுதியில் அதனைப் பொருத்த வேண்டும். எல்.இ.டி.க்கு நேர்முனை எதிர்முனை உண்டு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பல்புக்கு அந்த வேற்றுமை இல்லை. திருப்பிப் பொருத்தினால் எல்.இ.டி. எரியாது; விளக்கு ஒழுங்காக அணைந்திருப்பதாக எண்ணி ஏமாறவும் இடமுண்டு. பொருத்தியவுடன், உணரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் பழைய பல்பையே ஒரு கணம் இணைத்துப் பார்த்தால் எல்.இ.டி. ஒளிர வேண்டும். பெட்ரோல் தொட்டிக்கு எட்டாத கம்பி முனையில், கவனத்துடன் செய்யத்தக்க சோதனை இது.

‘சுமை மிகுந்தால் நல்லது’ என்று கருதி 10 ஓம் தடையை வைக்கச் சொல்வோர் உண்டு. இது அபாயகரமானது. பல்போ தடையோ இடுகின்ற கடிவாளமே வில்லையின் சூட்டை அளவில் நிறுத்துகின்றது. 47 ஓம் தடை இருக்கும் வரை, 14 வோல்ட்டில் வில்லைக்குள் எந்நிலையிலும் ஏறக்குறைய 1 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாக வழியில்லை. 10 ஓம் தடையானால் அது 5 வாட் அளவை எட்டக்கூடும். தடையே இன்றிப் பாட்டரியை நேராக வில்லையோடு இணைத்தால் எல்லையே இல்லை. வண்டியிலுள்ள 10 ஆம்பியர் அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ் இவ்வளவு சிறிய வில்லையைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க இயலாது.

வில்லை இருக்கும் இடத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு 1.4 முதல் 7.6 பங்கு வரை கலந்திருக்கும்போது தீப்பற்றக்கூடியது. மூடிய தொட்டிக்குள் பொதுவாக ஆவி இந்த எல்லைக்கு மேல் செறிந்திருப்பதால், பற்றிக்கொள்ளப் போதிய காற்று அங்கே இருப்பதில்லை. ஆனால் ஏறக்குறைய காலியான தொட்டியின் மூடியைத் திறந்தால் காற்று உட்புகும். எச்சரிக்கை விளக்கு எரியும் நேரமும், தொட்டி காலியாகும் நேரமும், மூடி திறக்கப்படும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன என்பதை மறத்தல் ஆகாது. இம்மாற்றம் முழுவதையும் முகப்பு விளக்கின் பக்கமே செய்ய முடியும். தொட்டியைத் திறக்கவோ, உணரியைக் கழற்றவோ தேவை இல்லை; செய்யவும் கூடாது.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

எச்சரிக்கை விளக்குள்ள வண்டிகள் அனைத்திலும் தெர்மிஸ்டர் இருப்பதில்லை. சிலவற்றில் மிதவை ஒன்று இறங்கிச் சிறு சுவிட்சை மூடும். வேறு சிலவற்றில் மிதவையின் கை ஒரு தடையின்மீது நகர்ந்து, பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளை இயக்கும். இன்றைய வண்டிகள் பலவற்றில் மிதவையின் செய்தியை முகப்பிலுள்ள மின்னணுப் பலகை படித்துக்கொண்டு, தானே விளக்கை ஏற்றுகின்றது. அங்கே விளக்கு முன்னமே எல்.இ.டி.யாகத்தான் இருக்கும். அத்தகைய பலகையில் கைவைப்பது பயனற்றது; அதனைக் கெடுக்கவும் கூடும்.

வேறுபாட்டை அறிய மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். சாவியை அணைத்து, உணரியின் கம்பி இணைப்பைத் தொட்டிக்கு வெளியே பிரித்து, உணரியின் தடையை அளக்க வேண்டும். பெட்ரோல் போதிய அளவு இருக்கும்போது பல நூறு ஓம் முதல் சில ஆயிரம் ஓம் வரை காட்டி, வண்டியை அசைத்தாலும் மாறாதிருந்தால் அது தெர்மிஸ்டர் எனக் கொள்ளலாம். தடை முற்றிலும் இல்லாமலோ, எல்லையற்றதாகவோ காட்டினால் அது சுவிட்சு. அவ்விடத்தில் இணைத்தடை எதுவும் இல்லாமலே எல்.இ.டி. வேலை செய்யும். வண்டியைச் சாய்க்கும்போது எண் ஏறி இறங்கினால் அது நகரும் தடை. அதனைத் தொடாமல் விடுவதே முறை.

விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை ஒவ்வொருவரும் தம் வண்டிக்குத் தாமே அளந்துகொள்ள வேண்டும். விளக்கு முதலில் எரிந்து நிலைத்தவுடன் பெட்ரோல் பங்க் சென்று, தொட்டியை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொள்ளலாம். 13 லிட்டர் தொட்டி 10 லிட்டர் பிடித்ததெனில், விளக்கு எரிந்தபோது 3 லிட்டர் இருந்திருக்கின்றது. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் கணக்குப்படி 90 கிலோமீட்டர். ஆனால் அந்த மூன்று லிட்டரில் கடைசிப் பகுதியைப் பம்பு எடுக்க இயலாது. நகர நெரிசலில் லிட்டருக்கு ஓடும் தூரமும் குறையும். இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இவற்றையெல்லாம் கருதி, கணக்கில் வரும் தூரத்தில் பாதியையே நம்புவது கிராமப்புறம் செல்வோருக்கு ஏற்றது. மாற்றம் செய்தபின் இந்த அளவீட்டை மீண்டும் ஒரு முறை செய்தால், விளக்கு முன்பிருந்த அதே மட்டத்தில் எரிகின்றதா என்பதும் தெரிந்துவிடும்.

வகுப்பில் செய்து காட்டுதல்

பெட்ரோலைத் தொடாமலே இந்தத் தத்துவத்தை மாணவர்க்குக் காட்டலாம். 1,000 ஓம் அளவுள்ள வில்லைத் தெர்மிஸ்டர் ஒன்று, 12 வோல்ட் 1.2 வாட் சிறு பல்பு ஒன்று, 1.5 வோல்ட் மின்கலங்கள் எட்டு, ஒரு கண்ணாடிக் குவளை, எண்ணெய் ஆகியவை தேவை. தண்ணீர் தானே மின்சாரத்தைக் கடத்துவதால் பொருந்தாது. தேங்காயெண்ணெய் பெங்களூரின் குளிர்ந்த காலை வேளைகளில் உறைந்துவிடும். கடலை எண்ணெயே ஏற்றது. மண்ணெண்ணெய், சாராயம் முதலிய எளிதில் தீப்பற்றும் திரவங்களைப் பயன்படுத்தக் கூடாது.

எட்டு மின்கலங்களையும் தொடராக இணைத்து, பல்பையும் தெர்மிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, தெர்மிஸ்டரை எண்ணெயில் மூழ்கவைத்தால் பல்பு எரியாது. எண்ணெயிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்துக் காற்றில் தொங்கவிட்டால், சிறிது நேரத்தில் பல்பு மங்கலாகச் சிவந்து எரியும். மீண்டும் எண்ணெயில் இறக்கினால் அணைந்துவிடும். வில்லை கொதிநீர் அளவுக்குச் சூடாகியிருக்குமாதலால், மாணவர் அதனை விரலால் தொடாதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பல்பை நீக்கிவிட்டு, 560 ஓம் தடையுடன் கூடிய வெண்ணிற எல்.இ.டி.யை அதன் இடத்தில் இணைக்கலாம். வில்லை எண்ணெயில் இருந்தாலும் காற்றில் இருந்தாலும் ஒரே மாதிரியாக ஒளிர்வதை மாணவர் காண்பர். அடுத்து, எல்.இ.டி.க்கும் அதன் தடைக்கும் இணையாக 120 ஓம், 2 வாட் தடை ஒன்றைச் சேர்த்ததும் எல்.இ.டி. இருளும், வில்லையை எண்ணெயிலிருந்து தூக்கினால்தான் ஒளிரும். 120 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதை, மேலே கூறிய வகுத்தல் முறையைக் கொண்டு மாணவரையே கண்டுபிடிக்கச் செய்யலாம்.

நேரம் இருப்பின் ஒன்று கூடச் செய்யலாம். எண்ணெயை 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, பல்புச் சுற்றின் வில்லையை அதில் இறக்கினால், முழுவதும் மூழ்கியிருந்தும் பல்பு எரியத் தொடங்கும்.